15 நிமிட 'மூக்குப் புற்றுநோய்' கிட் வாங்கிவிட்டேன், போட்டுப் பார்க்கலாமா?

ஈசூன் மருமகள் எழுதியது:

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஆர்டர் போட்டது நான்தான். வீட்டுக்காரருக்குத் தெரியாது. பெட்டி நேற்று வந்தது. டிராயரில் துண்டுகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நான் தமிழ், அவர் சீனர், கேன்டனீஸ் குடும்பம். கல்யாணமாகி 16 வருஷம். மாமனாரை நான் நேரில் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே மூக்குப் புற்றுநோயில் போய்விட்டார். போன மாதம் கணவரின் அண்ணனுக்கும் அதே நோய் என்று சொல்லிவிட்டார்கள். கழுத்தில் காதுக்குக் கீழே ஒரு கட்டி. வலியே இல்லையாம். சீனப் புத்தாண்டுக்கு எடுத்த குடும்பப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அப்போதே தெரிகிறது. பக்கத்தில் நின்ற எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மூன்றாம் கட்டம் என்கிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு 44 வயது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்துவிட்டதே, நீங்களும் போய்க் காட்டுங்கள் என்றால் கேட்கிறாரா? "மூக்குக்குள் கேமரா விடுவார்கள், என்னால் முடியாது" என்கிறார். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டபோது அந்த நர்ஸின் கையைப் பிடித்துத் தள்ளிய ஆள் இவர். "ஏஆர்டி (வீட்டில் போடும் கொரோனா கிட்) மாதிரி வீட்டிலேயே போட்டுப் பார்க்க ஏதாவது இருந்தால் சொல், போடுகிறேன்" என்றார். அதனால் தேடினேன். கிடைத்தது.

பெட்டியில் இருப்பது: ஈபிவி ரேபிட் டெஸ்ட், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், 15 நிமிடம். பார்க்க ஏஆர்டி கேசட் மாதிரியேதான் இருக்கிறது. ஜன்னலில் சி, ஜி, எம் என்று மூன்று எழுத்து. "மூக்குப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸை நிமிடங்களில் கண்டறியுங்கள்" என்று விற்பவர் போட்டிருந்தார்.

சி கோடு மட்டும் வந்தால் நிம்மதியாக இருக்கலாமா? இன்னொரு கோடும் வந்தால் என்ன செய்வது? பிள்ளைகள் இரண்டு பேர், 14, 11 வயது. அவர்களுக்கும் போட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூகுள் வேண்டாம், அதைப் பார்த்துத்தான் இந்த நிலைமை.

—

கோப்பிக்கடை கோவிந்து எழுதியது:

போட்டுப் பாருங்கள் அக்கா, என்ன நஷ்டம்? காசு கொடுத்து வாங்கியாச்சு. நெகட்டிவ் வந்தால் அண்ணன் நிம்மதியாகத் தூங்குவார்.

—

நுண்நோக்கி எழுதியது:

தங்கச்சி, பெட்டியைத் திறக்க வேண்டாம். கோவிந்து தம்பி கேட்ட "என்ன நஷ்டம்" என்பதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் ஆஸ்பத்திரி லேபில் 27 வருஷமாக இருப்பவன். டாக்டர் இல்லை. ரத்தம் எங்கள் கைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது: ஜி, எம். அந்தக் கேசட் தேடுவது ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரண்டு வகை எதிர்ப்பொருட்களை. இளவயதில் காய்ச்சல், தொண்டைப் புண், கழுத்தில் நெறிகட்டு என்று படுக்கப்போடும் ஒரு நோய் உண்டு. இங்கே சுரப்பிக் காய்ச்சல் என்பார்கள். அதற்கான கிட் அது. எப்ஸ்டீன் பார் வைரஸ், அதாவது ஈபிவி, பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது. பெரும்பாலானோருக்குச் சின்ன வயதிலேயே எச்சில் வழியாக வந்து, வந்ததே தெரியாமல் தங்கிவிடும். எனக்கு இருக்கும், உங்களுக்கு இருக்கும், கோவிந்துக்கும் இருக்கும். ஆகவே உங்கள் கணவர் விரலைக் குத்தினால் ஜி கோடு வருவது ஏறக்குறைய நிச்சயம். அதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டில் அன்றிரவு யார் தூங்குவார்கள்? தப்பித்தவறி வராவிட்டால் அவர் டாக்டரிடம் போகவே மாட்டார். இரண்டுமே நஷ்டம்தான் தம்பி.

அப்படியானால் உண்மையான ரத்தப் பரிசோதனை இல்லையா? இருக்கிறது, இரண்டு வகை.

பழையது ஐஜிஏ. ஜி இல்லை, எம் இல்லை, ஏ. மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் உள்தோலைக் காவல் காக்கும் எதிர்ப்பொருள் அது. ஈபிவிக்கு எதிரான ஐஜிஏ ரத்தத்தில் கூடுதலாக இருந்தால், மூக்கின் பின்பக்கத்தில் ஏதோ நடக்கிறதோ என்று சந்தேகப்படலாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதைக் கண்ணால்தான் படிப்போம். வைரஸ் பிடித்த செல்கள் ஒட்டிய கண்ணாடித் தகடு, அதன் மேல் நோயாளியின் சீரம், அப்புறம் ஒளிரும் சாயம். இருட்டறையில் உட்கார்ந்து நுண்நோக்கியில் பார்த்தால் செல்கள் பச்சை ஆப்பிள் நிறத்தில் மினுங்கும். பத்து மடங்கு நீர்த்தாலும் மினுங்குகிறதா, நாற்பது மடங்கு நீர்த்தாலுமா என்று ஏறிக்கொண்டே போவோம். மாலையில் வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும். (என் புனைபெயர் அந்த நாட்களின் மிச்சம்.) இது மலிவு. ஆனால் நோய் இல்லாதவர்களையும் நிறையப் பேரைப் பிடித்துக் கொடுத்துவிடும்.

புதியது, பிளாஸ்மாவில் ஈபிவி டிஎன்ஏ இருக்கிறதா என்று பிசிஆரில் பார்ப்பது. இந்தப் புற்று வந்தால் ஒவ்வொரு புற்றுச் செல்லுக்குள்ளும் வைரஸின் டிஎன்ஏ இருக்கும். செல் சாகும்போது அது துண்டு துண்டாக ரத்தத்தில் கலக்கும். நாங்கள் தேடுவது அந்தத் துண்டுகளை, உயிருள்ள வைரஸை இல்லை. ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் வரும். அதைச் சுழற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக நிற்பது பிளாஸ்மா. அதை மட்டும் கீழே உள்ள செல்களைக் கலக்காமல் உறிஞ்ச வேண்டும். ஏனென்றால் ஆரோக்கியமான ஆளின் வெள்ளணுக்களிலும் இந்த வைரஸ் தூங்கிக்கொண்டிருக்கும். கை நடுங்கி அந்த அடுக்கைத் தொட்டால் போச்சு, இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும். ஒரு சொட்டு விரல் ரத்தத்தில் இந்த வேலை ஆகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் பெரிய அளவில் செய்துபார்த்தது ஹாங்காங். தாயின் ரத்தத்தில் வயிற்றுப் பிள்ளையின் டிஎன்ஏ மிதக்கிறது என்று 1997இல் காட்டினாரே டென்னிஸ் லோ, அவருடைய குழுதான். 40 முதல் 62 வயது வரையிலான, எந்தத் தொந்தரவும் இல்லாத 20,174 சீன ஆண்களின் ரத்தத்தைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் தடவை 1,112 பேருக்கு பாசிட்டிவ். சுமார் நான்கு வாரம் விட்டு அவர்களை மறுபடியும் சோதித்தபோது 309 பேருக்கு மட்டுமே பாசிட்டிவாக நின்றது. அவர்களில் 300 பேருக்கு ஸ்கோப் (மூக்குக்குள் விடும் கேமராக் குழாய்), பெரும்பாலானோருக்கு எம்ஆர்ஐயும் என்று போனதில் 34 பேருக்குப் புற்று.

இந்த எண்களை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. முதல் தடவையோடு நிறுத்தியிருந்தால் நூறு பேரைப் பயமுறுத்தி மூன்று பேரைக் கண்டுபிடித்திருப்பார்கள். நான்கு வாரம் பொறுத்ததால் நூற்றுக்குப் பதினொன்று. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் அந்தத் துண்டுகள் வந்துவிட்டுப் போகும், புற்று இருந்தால் போகாது. மெஷினில் ஓடும் நேரம் சில மணிதான், நம்பகம் வருவது அந்த நான்கு வாரத்தில். சீக்கிரம், சீக்கிரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தச் சோதனையில் காத்திருப்பதும் சோதனையில் சேர்த்திதான்.

பலன் என்ன என்றால், அப்படிக் கண்டுபிடித்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் முதல் இரண்டு கட்டங்களில் இருந்தார்கள். தொந்தரவு வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் அது 20தான். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் சோதனையில் நெகட்டிவ் வந்த ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குள் இதே நோய் வந்தது. தொந்தரவு இருந்தால், நெகட்டிவ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

உங்கள் கணவர் விஷயம். தென்சீன வம்சம், ஆண், நாற்பதைத் தாண்டியவர், அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்திருக்கிறது. இதைவிடக் காரணம் வேண்டுமா? பாலிகிளினிக்கில் (அரசு கிளினிக்) குடும்பக் கதையைச் சொன்னால் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ரெஃபரல் எழுதித் தருவார்கள். ஸ்கோப் குழாய் கொரோனா குச்சி மாதிரி விறைப்பாக இருக்காது, வளையும். முதலில் மரத்துப்போகும் மருந்தை மூக்கில் அடிப்பார்கள். இந்தப் புற்று பெரும்பாலும் தொடங்குவது மூக்கின் கடைசியில், உள்நாக்குக்கு மேலே, ரோசன்முல்லர் பள்ளம் என்று ஒரு குழி, அதில்தான். வாயைத் திறந்து டார்ச் அடித்தால் தெரியாது. ஸ்கோப்பில் இரண்டு மூன்று நிமிடத்தில் பார்த்துவிடலாம். 15 நிமிட கிட்டைவிட அது வேகம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு இப்போது எதுவும் வேண்டாம். அப்பாவுடைய டாக்டரிடம் கேட்டால் எந்த வயதில் யோசிக்கலாம் என்று சொல்வார்.

—

கிந்தா ஆத்தங்கரை எழுதியது:

ஈப்போவிலிருந்து எழுதுகிறேன் அக்கா. என் அம்மா கேன்டனீஸ், அப்பா தமிழ். இந்த ஊரில் இது சாதாரணம். "இந்தியர்களுக்கு இது வராது" என்று என் சான்றிதழில் உள்ள பெயரைப் பார்த்துச் சொன்னவர்கள் உண்டு. அம்மா யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு 47 வயதில் வந்தது. முதல் அறிகுறி மூக்கில் இல்லை, காதில். விமானத்திலிருந்து இறங்கினால் காது அடைத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி இடது காது. கொட்டாவி விட்டாலும் திறக்கவில்லை. ஒரு கிளினிக்கில் குரும்பி என்று சொட்டு மருந்து. அடுத்த முறை காதுக்குள் நீர் என்று ஆன்டிபயாடிக். அப்படியே ஐந்து மாதம். காலையில் பல் துலக்கித் துப்பும்போது சளியில் சிவப்பாக ஒரு நூல் தெரியும். ஈறு என்று நினைத்து டூத்பேஸ்ட்டை மாற்றினேன்! பெரியவனுக்கு ஒரு பக்கக் காதில் மட்டும் காரணமில்லாமல் நீர் கோத்தால் மூக்கின் பின்பக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பின்னால் ஸ்கோப் போட்ட டாக்டர் சொன்னார்.

கதிர்வீச்சு 33 தடவை, கூடவே கீமோ. முகத்துக்கு ஒரு முகமூடி செய்வார்கள். வெந்நீரில் நனைத்த பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தினால் தாடை, மூக்கு, நெற்றி எல்லாம் அச்சாகப் பதிந்து இறுகிவிடும். தினமும் அதைப் போட்டு மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கன்னத்தில் வலைக்கோடு இருக்கும், சின்ன மகள் விரலால் எண்ணுவாள். எச்சில் போய்விட்டது, முழுதாகத் திரும்பவில்லை. தோசையை இன்றைக்கும் சாம்பாரில் ஊறவைத்துத்தான் விழுங்குகிறேன். தண்ணீர் போத்தல் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை.

நுண்நோக்கி அண்ணன் சொன்ன டிஎன்ஏ சோதனை எனக்கு இன்னும் நடக்கிறது. சிகிச்சைக்கு முன்னால் அந்த எண் ஆயிரங்களில் இருந்தது, முடிந்ததும் பூஜ்யம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டுச் சீட்டு வரும்வரை வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம். பூஜ்யம் என்று வந்தால் மனைவி மீன்தலைக் கறி வைப்பாள்.

உங்கள் வீட்டுக்காரர் என்னோடு பேச வேண்டுமென்றால் சொல்லுங்கள், கேன்டனீஸிலேயே பேசுகிறேன்.

—

எடிசன்வாசி எழுதியது:

நியூ ஜெர்சியிலிருந்து. குழம்பிவிடாமல் இருக்க ஒரு வார்த்தை. "வைரஸால் வரும் தொண்டைப் புற்று" என்று அமெரிக்கச் செய்திகளில் வருவது பெரும்பாலும் வேறு வைரஸ், எச்பிவி. இடமும் வேறு, டான்சிலும் நாக்கின் அடிப்பகுதியும். எனக்கு வந்தது அது. ஷேவ் செய்யும்போது கழுத்தில் தட்டுப்பட்டது. பயாப்சி எடுத்த சதையில் பி16 என்று ஒரு சாயம் போட்டுப் பார்த்து எச்பிவி வகை என்றார்கள். புகையிலையால் வருவதைவிட இது சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுமாம். யாரிடமிருந்து வந்தது என்று என் மனைவி டாக்டரையே நேராகக் கேட்டுவிட்டாள். வைரஸ் இருபது முப்பது வருஷத்துக்கு முன்பு வந்திருக்கலாம், யாரென்று தேடிப் பயனில்லை என்றார் அவர். வீடு திரும்பும்வரை காரில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

இதற்கும் ரத்தத்தில் எச்பிவி டிஎன்ஏ பார்க்கும் சோதனை இருக்கிறது. சிகிச்சைக்குப் பின் திரும்பி வருகிறதா என்று கண்காணிக்க என் டாக்டர் எடுக்கிறார். நன்றாக இருப்பவர்களை வரிசையில் நிறுத்திச் சோதிக்க இன்னும் அங்கீகாரம் இல்லை. ஆனால் எச்பிவிக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஈபிவிக்கு இல்லை. என் பையன் இரண்டு பேருக்கும் போட்டாகிவிட்டது.

—

ஈசூன் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நுண்நோக்கி அண்ணன், பெட்டிக்குள் இருந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நீங்கள் சொன்னதேதான். சுரப்பிக் காய்ச்சல் என்றுதான் போட்டிருக்கிறது. புற்றுநோய் என்ற வார்த்தையே அதில் இல்லை. அது விற்பவரின் கைவண்ணம்.

இன்னொரு கேள்வி. மாமியார் மண்சட்டிச் சோற்றில் உப்பு மீன் போடுவார். அதனால்தான் வந்தது என்று ஓரகத்தி அழுகிறாள். அப்படியென்றால் என் அம்மா நாகப்பட்டினத்திலிருந்து கொண்டுவரும் கருவாடு?

—

நுண்நோக்கி எழுதியது:

சீன முறை உப்பு மீன் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையிலேயே வைத்திருக்கிறது. தென்சீனாவில் பால் மறந்த குழந்தைக்கே கஞ்சியோடு அதை ஊட்டும் வழக்கம் இருந்தது. அந்தச் சின்ன வயதுப் பழக்கம்தான் பெரிதாகப் பேசப்படுவது. அங்கே சில மீன்களை லேசாக அழுகவிட்டு அப்புறம் உப்பிடுவார்கள், அப்போது நைட்ரோசமைன் என்ற பொருட்கள் உண்டாகும். கருவாட்டை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. நான் சாப்பிடுகிறேன், பிள்ளைகளுக்கு அளவாகக் கொடுக்கிறேன். மாமியாரைக் குற்றவாளி ஆக்காதீர்கள் தங்கச்சி. அதே மீனைச் சாப்பிட்ட எத்தனையோ வீடுகளில் ஒருவருக்கும் வரவில்லை. வம்சம், வைரஸ், சாப்பாடு மூன்றும் சேர வேண்டியிருக்கிறது.

—

ஈசூன் மருமகள் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

கிந்தா ஆத்தங்கரை அண்ணன் இவரோடு போனில் நாற்பது நிமிடம் பேசினார். என்ன பேசினார்கள் என்று புரியவில்லை, நடுவில் இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் காலையில் இவரே பாலிகிளினிக்குக்குக் கிளம்பிவிட்டார்.

நேற்று ஸ்கோப். நானும் உள்ளே இருந்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது, என் கையை நசுக்கிவிட்டார், அதற்குள் முடிந்துவிட்டது. திரையில் ஈரமான இளஞ்சிவப்புக் குகை மாதிரி ஒன்று தெரிந்தது. இரண்டு பக்கப் பள்ளத்தையும் டாக்டர் காட்டினார், இரண்டும் சுத்தம். ரத்தமும் எடுத்தார்கள். மூடி ஊதாதான், பார்த்துக்கொண்டேன். பதில் அடுத்த வாரம். தொண்டை மரத்திருப்பதால் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்றார்கள். கேன்டீனில் லக்சாவை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஓரகத்தி அந்த கிட்டைத் தன் மூத்த பையனுக்குப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். கொடுக்கவில்லை. நுண்நோக்கி அண்ணன் எழுதியதை உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லி வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பினேன். ஒன்பது நிமிடம் வந்தது.